வலம்புரி மரபுச் சுருளும் உலோகச் சேர்மங்களும்

தென் கடற்பகுதிகளில் குளித்தெடுக்கப்படும் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே திசையில் சுழன்று வளர்ந்தவை. எதிர்த்திசையில் சுழன்ற சங்கு மிக அரிதாகவே கிடைக்கிறது. அதுவே வலம்புரிச் சங்கு எனப் போற்றப்படுகிறது. அளவிலும் நிறத்திலும் ஒத்த இருவகைச் சங்குகளை அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாகத் தோன்றும். ஆயினும் ஒன்றை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அது மற்றதாகிவிடாது. (நம்மவர் வலம்புரி என்று கொண்டாடும் சங்கை விலங்கியலார் இடப்புறம் சுழன்றது என்றே வகைப்படுத்துகின்றனர் என்பது ஒரு வேடிக்கை. எந்த முனையிலிருந்து பார்ப்பது என்ற வழக்கில்தான் வேறுபாடே தவிர, சங்கில் இல்லை.)

மூலக்கூறுகளிலும் இத்தகைய இரட்டைகள் உண்டு. அணுக்களின் எண்ணிக்கை, அவை ஒன்றோடொன்று பிணைந்துள்ள முறை, உருகுநிலை, கரைதிறன் ஆகிய அனைத்திலும் ஒன்றுபட்டு, வலக்கையும் இடக்கையும் போல உருவில் மட்டும் எதிரெதிராக அமைந்தவை இவை. கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘கைரல்’ என்னும் பெயர் இவற்றுக்கு வழங்குகிறது. சோதனைக் குழாயில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். உயிருள்ள உடலோ இவற்றை எளிதில் பிரித்தறிந்துவிடுகிறது. நம் நாட்டில் காசநோய்ச் சிகிச்சையில் நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் எத்தாம்பியூட்டால் இதற்கு நல்ல சான்று. அம்மருந்தின் எதிர்வடிவங்களுள் ஒன்றே கிருமியை அடக்கும் ஆற்றல் பெற்றது. மற்றதற்கு அவ்வாற்றல் மிகவும் குறைவு.

உயிர்களின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. மூலக்கூறும் ஒரு சுருளே. அதன் வழக்கமான வடிவம் வலப்புறமாகச் சுழல்வது. அப்படியாயின், கைரல் தன்மையுள்ள ஓர் உலோகச் சேர்மம் அச்சுருளை அணுகும்போது, வலச்சுழி வடிவமும் இடச்சுழி வடிவமும் ஒரே விதமாகப் பொருந்துமா? புற்றுநோய் மருந்துகளுள் முதன்மையான சில, உலோகச் சேர்மங்களாக இருந்து டி.என்.ஏ.யைத் தாக்கியே பயன் தருகின்றன. எனவே இவ்வினா வெறும் அறிவு வேட்கையால் எழுந்ததன்று. இதற்கு விடை காண விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதனிடையே கடுமையான கருத்து வேறுபாடுகளும் தோன்றின.

புளியும் கற்பூரமும்

1848ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், டார்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்றின் படிகங்களைக் கூர்ந்து நோக்கியபோது, அவற்றில் இருவகை கலந்திருப்பதைக் கண்டார். ஒருவகை மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருந்தது. அவர் அவற்றைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்து, தனித்தனியே நீரில் கரைத்து, முனைவாக்கப்பட்ட ஒளியைச் செலுத்தினார். ஒரு கரைசல் ஒளியின் தளத்தை வலப்புறமாகவும் மற்றது இடப்புறமாகவும் அதே அளவு திருப்பின. நாம் அன்றாடம் குழம்பில் கரைத்து ஊற்றும் புளியின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் இந்த டார்டாரிக் அமிலமே. ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தால் இருவடிவங்களும் சரிபாதியாகக் கிடைக்கும். புளியமரமோ பெரும்பாலும் ஒரு வடிவத்தையே உருவாக்குகிறது.

கரியணுக்களைக் கொண்ட சேர்மங்களுக்கே இத்தன்மை உரியது என்று வெகுகாலம் கருதப்பட்டது. இக்கருத்தைத் தகர்த்தவர் சூரிச் நகரில் பணியாற்றிய ஆல்பிரட் வெர்னர். ஓர் உலோக அயனி தன்னைச் சுற்றிப் பல மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அமைப்புக்கு அணைவுச் சேர்மம் என்று பெயர். அவ்வாறு பிடிக்கப்படும் மூலக்கூறுகள் ஈனிகள் எனப்படும். கோபால்ட் போன்ற உலோகங்களைச் சுற்றி ஆறு இடங்கள் உள்ளன என்றும், அவை நாற்புறமும் நான்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று என எண்முகியின் முனைகளில் அமைகின்றன என்றும் வெர்னர் 1893இல் கூறினார். இது உண்மையானால் சில கோபால்ட் சேர்மங்கள் இரு எதிர்வடிவங்களாகக் கிடைக்க வேண்டும். 1911இல் அவரும் அவருடைய மாணவர் விக்டர் கிங்கும் அவற்றைப் பிரித்தே காட்டினர். பிரிக்க உதவியது இயற்கைக் கற்பூரத்திலிருந்து பெறப்பட்ட ஓர் அமிலம். 1913இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னரும், ஈனிகளில் கரி இருப்பதுதான் காரணம் என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். 1914இல் கரியணு ஒன்றுகூட இல்லாத கோபால்ட் சேர்மத்தை அவர் எதிர்வடிவங்களாகப் பிரித்து அந்த ஐயத்தையும் போக்கினார்.

இக்கட்டுரையில் பேசப்படும் சேர்மங்களின் உருவை மனத்தில் கொள்ள, வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறியை நினைத்துக்கொள்வது போதும். நடுவில் உலோக அயனி. அதனைச் சுற்றி மூன்று இறகுகள் போல மூன்று தட்டையான ஈனிகள். ஒவ்வோர் ஈனியும் உலோகத்தை இரு கைகளால் பற்றியுள்ளது. விசிறியின் இறகுகள் கிடைமட்டமாக இல்லாமல் ஒருபுறம் சாய்ந்துள்ளன அல்லவா? அச்சாய்வை எதிர்ப்புறமாக மாற்றினால் அதே திசையில் சுற்றும் விசிறி காற்றை மேல்நோக்கித் தள்ளும். சாய்வின் திசை வேறான இவ்விரு விசிறிகளே எதிர்வடிவங்கள். வலச்சுழி வடிவத்தை டெல்டா என்றும் இடச்சுழி வடிவத்தை லாம்ப்டா என்றும் வேதியியலார் குறிப்பிடுகின்றனர்.

சுருளின் உடலமைப்பு

1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட அமைப்பின்படி டி.என்.ஏ. என்பது முறுக்கிய நூலேணி போன்றது. சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி அமைந்த இரு இழைகள் ஏணியின் பக்கக் கயிறுகள். அடினைனுடன் தைமினும், குவானைனுடன் சைட்டோசினும் இணைந்த கார இணைகள் அதன் படிகள். சுருளின் குறுக்களவு ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. படிக்கும் படிக்கும் இடைவெளி 3.4 ஆங்ஸ்ட்ராம். ஏறத்தாழ பத்தரைப் படிகளுக்கு ஒருமுறை சுருள் முழுச்சுற்று சுற்றிவிடுகிறது. முறுக்கின் காரணமாகச் சுருளின் புறத்தே அகலமான வரிப்பள்ளம் ஒன்றும் குறுகிய வரிப்பள்ளம் ஒன்றும் தொடர்ந்து ஓடுகின்றன. புறத்திலுள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் நேர்மின்னூட்டம் பெற்ற உலோகச் சேர்மங்கள் இயல்பாகவே சுருளை நாடி வருகின்றன.

வந்த சேர்மம் எங்கே தங்குகிறது என்பதே அடுத்த கேள்வி. மின் ஈர்ப்பினால் வெறுமனே புறத்தே ஒட்டிக்கொண்டிருக்கலாம். வரிப்பள்ளத்தில் சென்று படியலாம். உலோகமே நேரடியாகக் காரத்துடன் வலுவான பிணைப்பை ஏற்படுத்தலாம். இவையன்றி நான்காவதாகவும் ஒரு வழி உண்டு. தட்டையான வளையங்களைக் கொண்ட மூலக்கூறு இரு படிகளுக்கு நடுவே நுழைந்து அமர்ந்துகொள்ளலாம் என்று லெனார்ட் லெர்மன் 1961இல் அக்ரிடின் சாயங்களைக் கொண்டு காட்டினார். பழைய நூல்களில் பிற்காலத்தார் பாடல்களைப் புகுத்துவதை இடைச்செருகல் என்போம். இதற்கும் அப்பெயரே பொருந்தும். ஏடு பெருப்பதுபோல, ஒவ்வோர் இடைச்செருகலுக்கும் டி.என்.ஏ. நீள்கிறது. அவ்விடத்தில் முறுக்கும் சற்றுத் தளர்கிறது. இந்த நீட்சிதான் பின்னர் ஒரு பெரிய வழக்கில் முக்கியச் சாட்சியாக அமைந்தது.

எலியிலிருந்து மரபுச் சுருளுக்கு

உலோகச் சேர்மங்களின் எதிர்வடிவங்கள் உயிரினங்களில் வெவ்வேறு விளைவுகளை உண்டாக்கும் என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஆஸ்திரேலிய வேதியியலார் பிரான்சிஸ் டுவையர். மூன்று பினாந்த்ரோலின் ஈனிகளைத் தாங்கிய ருத்தேனியம் சேர்மத்தை 1950களில் அவரும் அவருடைய குழுவினரும் சோதித்தனர். அது எலிகளில் தசைகளைச் செயலிழக்கச் செய்தது. அம்புகளில் தடவப்படும் குராரே நஞ்சின் விளைவை ஒத்திருந்தது அது. நரம்புச் செய்தியோடு தொடர்புடைய நொதியைத் தடுப்பதில் இரு எதிர்வடிவங்களும் ஒரே அளவு வல்லவையாக இல்லை என்பதும் தெரியவந்தது. இச்சேர்மத்தின் எதிர்வடிவங்களைப் பிரிப்பதற்கு டுவையர் கையாண்டது ஆன்டிமனி டார்டரேட் உப்பு. பாஸ்டரின் டார்டாரிக் அமிலம் நூறு ஆண்டுகள் கழித்து உலோகச் சேர்மங்களைப் பிரிக்க வந்து நின்றது. டுவையர் 1962இல் காலமானார்; அவர் தொடங்கிய ஆராய்ச்சி சிறிது காலம் தேங்கி நின்றது.

மீண்டும் அதனை உயிர்ப்பித்தவர் அமெரிக்காவில் ஜாக்குலின் பார்ட்டன். 1982இல் அவருடைய குழுவினர் நடத்திய சோதனை மிக எளிமையானது. மெல்லிய சவ்வுப் பை ஒன்றில் டி.என்.ஏ. கரைசல் வைக்கப்பட்டது. பைக்கு வெளியே பினாந்த்ரோலின் துத்தநாகச் சேர்மத்தின் இரு எதிர்வடிவங்களும் சமமாகக் கலந்த கரைசல் இருந்தது. சேர்மம் சவ்வின் வழியே சென்றுவர முடியும், டி.என்.ஏ.யால் வெளிவர முடியாது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, வெளியிலிருந்த கரைசல் முனைவாக்கப்பட்ட ஒளிக்கு ஒருபுறச் சாய்வு காட்டியது. எதிர்வடிவங்களுள் ஒன்றைப் பையினுள்ளிருந்த டி.என்.ஏ. அதிகமாக இழுத்துக்கொண்டது என்பதே இதன் பொருள். துத்தநாகச் சேர்மத்தில் ஒரு குறை உண்டு. அதன் ஈனிகள் விரைவில் கழன்று மீண்டும் சேர்வதால் வலச்சுழி இடச்சுழியாகவும், இடச்சுழி வலச்சுழியாகவும் மாறிக்கொண்டே இருக்கும். ருத்தேனியமோ பிடித்த பிடியை விடாதது. நிறமும் ஒளிர்வும் உடையது. ஆகவே 1984இல் பார்ட்டன் அதனைப் பயன்படுத்தினார்.

டெல்டா வடிவம் வலச்சுழி டி.என்.ஏ.யை அதிகமாக விரும்புகிறது என்று முடிவுகள் கூறின. இதற்கு அவர் தந்த விளக்கம் அழகானது. மூன்று இறகுகளில் ஒன்று இரு படிகளுக்கிடையே இடைச்செருகலாகப் புகுகிறது. வெளியே நிற்கும் மற்ற இரு இறகுகள் டெல்டா வடிவத்தில் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே சாய்ந்து அமைகின்றன. லாம்ப்டா வடிவத்திலோ அவை பக்க இழையின் பாஸ்பேட்டுகளோடு மோதுகின்றன. வலப்புரி மரையுள்ள திருகாணி வலப்புரித் துளையில் இறங்கும். இடப்புரித் திருகாணி இறங்காது. பினாந்த்ரோலினுடன் மேலும் இரு பருத்த வளையங்களைச் சேர்த்தால் மோதல் அதிகமாகி, இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாயிற்று.

இதே காலத்தில் இடப்புறம் சுழலும் டி.என்.ஏ.யும் உண்டு என்ற செய்தி உலகை வியக்க வைத்திருந்தது. 1979இல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் குவானைனும் சைட்டோசினும் மாறி மாறி வரும் சிறு துண்டு ஒன்றின் படிகத்தில் இடச்சுழிச் சுருளைக் கண்டு, அதற்கு இசட்-டி.என்.ஏ. என்று பெயரிட்டனர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1976இல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வி. சசிசேகரன் குழுவினர் டி.என்.ஏ. இடப்புறமாகவும் சுழல இடமுண்டு என்று கணக்கீடுகளின் அடிப்படையில் எழுதியிருந்தனர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. அவர்கள் கூறிய அமைப்பும் ரிச் கண்ட அமைப்பும் ஒன்றல்ல. ஆயினும் வலச்சுழியே வேதவாக்கு என்றிருந்த நாளில் அவ்வினாவை எழுப்பத் துணிவு வேண்டியிருந்தது. இடச்சுழி டி.என்.ஏ.யை அடையாளங்காட்ட லாம்ப்டா வடிவச் சேர்மங்கள் பயன்படும் என்று பார்ட்டன் முன்மொழிந்தார்.

ஒரு நீண்ட வழக்கு

விளக்கம் அழகாக இருப்பது மட்டும் அது உண்மையாக இருப்பதற்குச் சான்றாகாது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த பெங்ட் நோர்டன் குழுவினர் வேறொரு வழியில் இதே சேர்மத்தை ஆராய்ந்தனர். டி.என்.ஏ. கரைசலை வேகமாக ஓடச் செய்தால், ஆற்று நீரில் மிதக்கும் கழிகள்போல, சுருள்கள் ஓட்டத்தின் திசையில் நீளவாக்கில் அணிவகுக்கும். அந்நிலையில் முனைவாக்கப்பட்ட ஒளியைச் செலுத்தி, சேர்மத்தின் ஈனிகள் எக்கோணத்தில் சாய்ந்துள்ளன என்று கணக்கிடலாம். இடைச்செருகலாக இருந்தால் ஒரு வளையமேனும் படிகளுக்கு இணையாக இருக்க வேண்டும். கிடைத்த கோணங்கள் அவ்வாறு இல்லை. காந்த ஒத்ததிர்வு முறையில் செய்த ஆய்வுகளும், சேர்மம் சிறு வரிப்பள்ளத்தில்தான் தங்குகிறது என்று சுட்டின.

1992இல் சத்யநாராயணா, டாப்ரோவியாக், செயர்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கில் பெரும் திருப்பமாக அமைந்தது. அவர்கள் பயன்படுத்திய கருவி நவீனமானதன்று. நுண்குழாய் வழியே ஒரு கரைசல் வடிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதன் பாகுத்தன்மையை அறிவதே முறை. இடைச்செருகல் நிகழ்ந்தால் டி.என்.ஏ. நீளும், நீண்ட கழிகள் நிறைந்த கரைசல் மெதுவாக வடியும். எத்திடியம் என்னும் பெயர்பெற்ற இடைச்செருகல் சாயத்தைச் சேர்த்தபோது பாகுத்தன்மை எதிர்பார்த்தபடியே உயர்ந்தது. பினாந்த்ரோலின் ருத்தேனியத்தின் டெல்டா வடிவமோ லாம்ப்டா வடிவமோ அவ்வாறு உயர்த்தவில்லை. எனவே இவ்விரண்டில் எதுவும் வழக்கமான பொருளில் இடைச்செருகல் அன்று என்று அவர்கள் முடிவு கட்டினர்.

பிணைப்பு என்பது வேறு, பிணைப்பின் முறை என்பது வேறு என்ற பாடம் இவ்வழக்கிலிருந்து கிடைத்தது. டி.என்.ஏ. ஒரு வடிவத்தைவிட மற்றொன்றை அதிகம் விரும்புகிறது என்ற பார்ட்டனின் அடிப்படைக் கண்டுபிடிப்பு இதனால் பொய்யாகிவிடவில்லை. அவ்விருப்பத்தின் அளவு சிறியது, காரணம் முதலில் எண்ணியதைவிடச் சிக்கலானது என்பதே தெளிவாயிற்று. நம் நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கோடிக்கணக்கில் விலைபோகும் கருவிகள் தீர்க்க இயலாத வழக்கை, ஒரு கண்ணாடி நுண்குழாய், வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டி, ஒரு நிறுத்துக் கடிகாரம் ஆகியவை பெருமளவு தெளிவுபடுத்தின.

ஒளிவிளக்கு மூலக்கூறு

ஐயத்துக்கு இடமின்றி இடைச்செருகலாகப் புகும் சேர்மம் ஒன்றும் கிடைத்தது. ருத்தேனியத்தின் ஒரு கையில் நீண்டு தட்டையான டைபிரிடோபினசீன் என்னும் ஈனியை இணைத்த சேர்மம் அது. 1990இல் பார்ட்டன் குழுவினரும், பின்னாளில் 2016இல் நோபல் பரிசு பெற்ற பிரான்ஸின் ழான்-பியர் சவாஜும் பிறரும் சேர்ந்து இதன் விந்தையான பண்பை வெளியிட்டனர். நீரில் கரைந்திருக்கும்போது இச்சேர்மம் ஒளிர்வதில்லை. சிறிது டி.என்.ஏ.யைச் சேர்த்த அக்கணமே செந்நிற ஒளியுடன் சுடர்விடுகிறது. நீண்ட ஈனியின் முனையிலுள்ள நைட்ரஜன் அணுக்களை நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொண்டு ஒளியை அணைத்துவிடுகின்றன. படிகளுக்கிடையே ஈனி புகுந்துவிட்டால் நீர் அதனை எட்ட முடியாது, விளக்கு எரிகிறது. இரு எதிர்வடிவங்களும் ஏறத்தாழ ஒரே வலிமையுடன் பிணைந்தாலும், டெல்டா வடிவம் லாம்ப்டாவைவிடப் பல மடங்கு பிரகாசமாக ஒளிர்கிறது என்பதை 1993இல் ஸ்வீடன் குழுவினர் அளந்தனர். கைரல் வேறுபாடு எவ்வளவு பிணைகிறது என்பதில் மட்டுமன்றி, பிணைந்த பின் எவ்வாறு அமர்கிறது என்பதிலும் வெளிப்படும் என்பதற்கு இது சான்று.

இச்சேர்மம் எந்த வரிப்பள்ளத்தின் வழியாக நுழைகிறது என்ற சர்ச்சை மட்டும் தீராமலே இருந்தது. பெரு வரிப்பள்ளம் என்றனர் பார்ட்டன் குழுவினர். சிறு வரிப்பள்ளம் என்றனர் எதிர்த்தரப்பினர். கரைசலில் நடத்தும் ஆய்வுகள் எல்லாம் மறைமுகச் சாட்சிகளே. நேரடிச் சாட்சியம் படிகத்திலிருந்துதான் வர வேண்டும். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் கார்டின் குழுவினர் 2011, 2012 ஆண்டுகளில் லாம்ப்டா வடிவச் சேர்மங்கள் டி.என்.ஏ.யுடன் இணைந்த படிகங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து வெளியிட்டனர். நுழைவாயில் சிறு வரிப்பள்ளமே. 2012இல் பார்ட்டன் குழுவினரே டெல்டா வடிவத்துக்குப் பெற்ற படிகமும் சிறு வரிப்பள்ளத்தையே காட்டியது. தாம் நெடுநாள் வாதிட்ட கருத்துக்கு மாறான சான்றைத் தம் ஆய்வுக்கூடத்திலிருந்தே வெளியிட்டது அக்குழுவினரின் நேர்மைக்கு எடுத்துக்காட்டு. ரெடிங் படிகங்களுள் ஒன்று மற்றுமொரு பழைய புதிருக்கும் ஒளி காட்டியது. நீண்ட ஈனி முழுமையாகச் செருகிக்கொள்ள, பக்கத்து இறகு வேறொரு சுருளின் படிகளுக்கிடையே பாதியளவே நுழைந்து அதனை வளைத்திருந்தது. முழு இடைச்செருகலும் அன்று, வெறும் ஒட்டுதலும் அன்று என்ற இடைநிலை ஒன்று உண்டு என்பது இவ்வாறு கண்கூடாகத் தெரிந்தது.

பிழை தேடும் ரோடியம்

உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்யும் பிழைபோல, அடினைனுக்கு எதிரே தைமின் நிற்க வேண்டிய இடத்தில் சைட்டோசின் வந்து நின்றுவிடுவதுண்டு. ஆரோக்கியமான உயிரணு இப்பிழைகளைத் திருத்திக்கொள்ளும். சில புற்றுநோய்களில் இத்திருத்தும் ஏற்பாடே பழுதாகிவிடுகிறது. அத்தகைய பிழைகளைக் கண்டறிய 1997இல் பார்ட்டன் ஆய்வுக்கூடம் ரோடியம் சேர்மம் ஒன்றை வடிவமைத்தது. சரியான கார இணைகளுக்கிடையே நுழைய முடியாதபடி சற்றே அகன்ற ஈனி அதில் வைக்கப்பட்டது. சரியாகப் பொருந்தாத இணைகள் தளர்வாக இருப்பதால், அங்கு மட்டும் அது இடம் பிடிக்கும். இதிலும் டெல்டா வடிவமே பயன் தருவது. 2007இல் கிடைத்த படிகம் எதிர்பாராத காட்சி ஒன்றைக் காட்டியது. சேர்மம் சிறு வரிப்பள்ளத்தின் வழியே நுழைந்து, பிழையான இரு காரங்களையும் சுருளுக்கு வெளியே தள்ளிவிட்டு, அவற்றின் இடத்தில் தானே அமர்ந்திருந்தது. இருக்கைக்காரரை எழுப்பிவிட்டு அமர்வது போன்றது இது. சிறு வரிப்பள்ளம் குறுகலானது. அங்கே தவறான சுழியுடைய சேர்மத்துக்கு நுழைய வழியில்லை.

இரும்பு அணுக்கள் இரண்டினை மூன்று நீண்ட ஈனிகள் முறுக்கிப் பிணைத்த உருளை வடிவச் சேர்மங்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தின் மைக்கேல் ஹானன் குழுவினர் உருவாக்கிய இவற்றில், ஒரு சுழிவடிவம் பெரு வரிப்பள்ளத்தில் படிந்து டி.என்.ஏ.யைச் சுருட்டி மடக்குகிறது. எதிர்வடிவத்தால் அந்த அளவுக்கு இயலவில்லை. மூன்று டி.என்.ஏ. கிளைகள் கூடும் முச்சந்தியின் நடுவே இவ்வுருளை கச்சிதமாகப் பொருந்தியிருப்பதை 2006இல் வெளியான படிகம் காட்டிற்று.

குழாயிலிருந்து மருத்துவமனைக்கு

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் உலோகச் சேர்மங்கள் டி.என்.ஏ.யுடன் பிணைவது பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்து வந்துள்ளது. தாமிரம், ருத்தேனியம் போன்ற உலோகங்களைக் கொண்டு கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்ட டி.என்.ஏ.யில் செய்யப்படும் இத்தகைய சோதனைகள் அதிகச் செலவு வைப்பதில்லை. இதனால் சிறிய கல்லூரிகளும் இத்துறையில் பங்கு கொள்ள முடிகிறது. ஆயினும் இரு விஷயங்களில் எச்சரிக்கை தேவை. எதிர்வடிவங்களைப் பிரிக்காமல் கலவையாகவே அளந்தால் கிடைக்கும் எண், இரண்டின் சராசரியே தவிர எந்த ஒன்றின் இயல்பும் ஆகாது; ஒன்று நன்றாகவும் மற்றது மோசமாகவும் பிணைந்தாலும் அந்த எண் அதனைக் காட்டிக்கொடுக்காது. இரண்டாவதாக, டி.என்.ஏ.யுடன் பிணைகிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு சேர்மத்தைப் புற்றுநோய் மருந்து என்று அழைப்பது மிகை. உயிரணுச் சவ்வைக் கடந்து, இரத்தப் புரதங்களிடம் சிக்காமல், நல்ல உயிரணுக்களை அழிக்காமல் உட்கருவைச் சென்றடைவது வேறு காரியம். மேலே விவரித்த ருத்தேனியம், ரோடியம் சேர்மங்கள் அறிவுக்கு அளித்த கொடை பெரிது. ஆனால் அவற்றுள் எதுவும் மருத்துவமனையின் மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுவிடவில்லை.

இடம்பெற்ற கைரல் உலோகச் சேர்மம் பிளாட்டினத்தைச் சேர்ந்தது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னட் ரோசன்பர்க், மின்புலம் பாக்டீரியாக்களைப் பாதிக்குமா என்று ஆராய்ந்தார். மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே அவை பிரிந்து பெருகுவதைத் தடுத்தது என்று அவர் கண்டறிந்தார். இதிலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. அதன் பிளாட்டினம் அடுத்தடுத்துள்ள இரு குவானைன் காரங்களைப் பற்றி, டி.என்.ஏ.யை வளைத்துவிடுகிறது. சிஸ்பிளாட்டின் தட்டையானது, அதற்கு எதிர்வடிவம் கிடையாது. 1976இல் ஜப்பானின் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் யோஷினோரி கிடானி கண்டறிந்த ஆக்ஸாலிபிளாட்டின் அவ்வாறன்று. அதில் பிளாட்டினத்தைப் பற்றியுள்ள டைஅமினோசைக்ளோஹெக்சேன் என்னும் ஈனி கைரல் தன்மை கொண்டது. ஆக, கைரல் தன்மை இங்கு உலோகத்தைச் சுற்றிய அமைப்பிலிருந்து வருவதன்று, ஈனியிலிருந்தே வருகிறது. அதன் ஆர்-ஆர் எனப்படும் வடிவமே மருந்தாகும். பெருங்குடல் புற்றுநோய்க்கு இது 1996இல் பிரான்சிலும் 2002இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்று, இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது.

சரியான சுழி ஏன் இங்கு முக்கியம் என்பதை ஸ்டீபன் லிப்பார்டு குழுவினர் 2001இல் வெளியிட்ட படிக அமைப்பு விளக்குகிறது. ஆர்-ஆர் வடிவ ஈனியிலுள்ள ஓர் அமின், பக்கத்துக் குவானைனின் ஆக்சிஜனை நோக்கி நின்று அதனுடன் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுத்துகிறது. அப்பிணைப்பு அவ்வடிவத்தின் திசையமைப்பினாலேயே இயலுவது. ஆகவே ஐரோப்பிய மருந்து நூலும் அமெரிக்க மருந்து நூலும் ஆக்ஸாலிபிளாட்டினில் எதிர்வடிவத்தை ஒரு மாசாகவே கருதி, அதன் அளவுக்கு வரம்பு விதித்துள்ளன. மருந்து தயாரிப்போர் ஒரு கைரல் பொருள் பூசிய தூண் வழியே மாதிரியைச் செலுத்தி, இரு வடிவங்களும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருவதை அளந்து, தவறான சுழியுடைய மூலக்கூறுகள் அவ்வரம்புக்குள் இருப்பதை உறுதி செய்த பின்னரே அதனை வெளியே அனுப்புகின்றனர்.